முடிவு தெரிந்த போரை மறுபடி ஆடுவது ஏன்?

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் விடுமுறைக்கு வந்தால், நண்பர்களோடு வளவில் ஒரு வரைபடத்தை விரித்து, மூன்று நாள் வாட்டர்லூ போரை ஆடுகிறான். மின்விசிறியைக்கூடப் போட விடுவதில்லை. நெப்போலியன் தோற்றது ஊரறிந்த சங்கதி. இதில் என்ன சுவை? (வாசகி, கானாடுகாத்தான்)

பதில்: மின்விசிறி விஷயத்தில் நான் உங்கள் மகன் பக்கம். நகத்தளவு அட்டைத் துண்டு ஒவ்வொன்றும் ஒரு படைப்பிரிவு. அதில் அச்சிட்ட ஓர் எண் அதன் வலிமையையும், இன்னோர் எண் ஒரு முறைக்கு எத்தனை கட்டம் நகரலாம் என்பதையும் சொல்லும். அடுக்கு கலையாமல் எடுப்பதற்குச் சாமணம் வைத்திருப்பவர்கள் உண்டு. ஒரு காற்று அடித்தால் பிரெஞ்சுப் படை முழுவதும் ஆத்தங்குடிக் கல்லில் சிதறிக் கிடக்கும்.

முடிவு தெரிந்திருப்பதுதான் சுவைக்கே காரணம் என்பேன். 1815 ஜூன் 17 இரவு பெய்த மழையில் நிலம் சேறாகிவிட்டதால், நெப்போலியன் மறுநாள் முற்பகல் கழியும் தறுவாயில்தான் தாக்கத் தொடங்கினார். அந்தத் தாமதம், எதிரணிக்குத் துணையாகப் புளூக்கர் நடத்தி வந்த பிரஷ்யப் படை வந்து சேர அவகாசம் கொடுத்தது. நெப்போலியனின் தளபதி குரூஷியின் தலைமையில் சுமார் 33,000 பேர் அந்தப் பிரஷ்யரைத் தேடி வாவ்ர் என்ற ஊர்ப் பக்கம் போயிருந்தார்கள். புத்தகத்தில் இது இரண்டு வரி. பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் பிடித்திருந்த மேட்டை உடைக்க இன்னும் ஒரே ஒரு படைப்பிரிவு இருந்தால் போதும் என்ற நிலையில், அந்த 33,000 பேர் எட்டாத தூரத்தில் நிற்பதைப் பார்த்துக் கையைப் பிசைகிற பிரெஞ்சுப் பக்க ஆட்டக்காரருக்கு அது வேறு செய்தி. குரூஷியை அனுப்பாமல் இருந்திருந்தால் என்ற கேள்வியை அவர் மறுபடி ஆடித்தான் பார்க்க முடியும்.

அந்தக் காலப் போர்முறையும் ஆட்டத்துக்கென்றே அமைந்தது போன்றது. குதிரைப்படை பாய்ந்து வந்தால் காலாட்படை சதுரமாகத் திரண்டு துப்பாக்கி ஈட்டிகளை நீட்டி நிற்கும். குதிரை அதில் மோதத் தயங்கும். ஆனால் நெருக்கி நிற்கும் அதே சதுரம் பீரங்கிக்கு வாய்த்த இலக்கு. குண்டுக்கு அஞ்சிச் சதுரத்தைக் கலைத்து வரிசையாகப் பரவினாலோ, மறுபடி குதிரை வந்துவிடும். நெப்போலியனின் இன்னொரு தளபதி மார்ஷல் நே அன்று போதிய காலாட்படைத் துணையின்றிக் குதிரைகளை அலையலையாக அனுப்பிச் சதுரங்களை உடைக்க முடியாமல் போனது ஏன் என்பது, அதே தவறை ஒரு தடவை தானே செய்தவருக்கு நன்றாகப் புரியும்.

தாயம் உருட்டி வளர்ந்த வீட்டுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கும் பகடை உண்டு. ஆனால் எதிரியைப் போல மூன்று மடங்கு வலிமையைத் திரட்டிக்கொண்டு உருட்டுகிறவருக்கு, கெட்ட எண் விழுந்தாலும் பெரிய நஷ்டம் வருவதில்லை.

கேள்வி: நம் ஆடுபுலி ஆட்டமும் இதே இனம்தானே? (வாசகர், தேவகோட்டை)

பதில்: சமமில்லாத இரு தரப்பு மோதுகிற வகையில் ஆம். நடந்த போரின் நிலமும் நாளும் அதில் இல்லை என்பதுதான் வேறுபாடு. அப்படி ஆட்டமாக்க ஏற்ற போர் நம் பக்கத்திலேயே இருக்கிறது: 1801இல் சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டி வழி திறக்க முயன்ற கும்பெனிப் படை, மருது சகோதரர்களின் ஆட்கள் கொடுத்த தொல்லையில் அந்த முயற்சியைக் கைவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. அதை யாராவது அட்டையில் வடித்தால் முதல் பிரதி எனக்கு.