மதுரையில் 14 மாடிக் குடியிருப்பில் வீடு வாங்குகிறோம். கட்டடம் உறுதியா என்று எப்படிப் பார்ப்பது?

கேள்வி கேட்டவர் 11-வது மாடியில் வீடு பார்த்திருக்கிறார். கம்பியும் சிமெண்டும் நல்ல பிராண்டு என்று சொல்லியிருக்கிறார்களாம். ஆனாலும் ஆடிக் காற்றுக்குக் கட்டடம் ஆடுமோ என்று வீட்டம்மாவுக்குப் பயம்.

ஆடும். ஆடாத உயரக் கட்டடமே கிடையாது, எவ்வளவு ஆடுகிறது என்பதுதான் கணக்கு. நான் இதே ஊரில் ஸ்டிரக்சுரல் டிசைன் செய்கிறவன். வீடு வாங்க வருகிறவர்கள் எல்லோரும் கம்பியின் பிராண்டைத்தான் கேட்கிறார்கள். கம்பியை எங்கே, எப்படிக் கட்டினார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி. உங்கள் 14 மாடியும் ஏறக்குறைய 150 அடி வரும். கோபுரம் அடியில் அகன்று மேலே போகப் போகக் குறுகுகிறது. தன் எடையிலேயே நிற்கிறது. நம் கட்டடமோ அடியிலிருந்து உச்சி வரை ஒரே அகலம். உயரம் இரட்டித்தால் எடையும் இரட்டிக்கும், அவ்வளவுதான். ஆனால் காற்று அடியைப் புரட்டப் பார்க்கும் விசை நாலு மடங்குக்கு மேல் ஏறிவிடும். நாலு மாடி கட்டிப் பழகிய கையோடு 14 மாடிக்குப் போக முடியாது என்பது இதனால்தான். லிப்டையும் படிக்கட்டையும் சுற்றி எழும்பும் கான்கிரீட் சுவர் இருக்கிறதே, ஷியர் வால், பக்கவாட்டுத் தள்ளலில் பெரும்பகுதியை அதுதான் வாங்கிக்கொள்கிறது. இந்தியத் தர விதியில் மதுரைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். சென்னைக்கு 50 மீட்டர். அந்தக் காற்றிலும் உச்சி, மொத்த உயரத்தில் 500-ல் ஒரு பங்குக்கு மேல் நகரக் கூடாது. உங்கள் கட்டடத்துக்கு அது சுமார் 9 சென்டிமீட்டர்.

சரி, நீங்கள் நேரில் என்ன பார்க்கலாம்? மாதிரி வீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் கார் நிறுத்தும் தளத்தில் போய் நில்லுங்கள். மேலே எல்லா மாடியிலும் சுவர் இருக்கிறது, இங்கே மட்டும் வெறும் தூண்கள். நிலம் குலுங்கினால் மேலே உள்ளதெல்லாம் ஒரே பெட்டியாக நகரும், வளைவதெல்லாம் இந்தத் தூண்கள்தான். 2001 குஜராத் நிலநடுக்கத்தின் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தது அகமதாபாத். அங்கே இடிந்த அடுக்குமாடிகளில் பல இந்த வகைதான். 2016 நிலநடுக்க விதிப்படி மதுரை இரண்டாம் மண்டலம், இருப்பதில் ஆபத்து குறைந்தது. அதற்காக விட்டுவிட முடியுமா? லிப்ட் சுவர் கார் தளத்தையும் தாண்டி அஸ்திவாரம் வரை அப்படியே இறங்குகிறதா என்று பாருங்கள். கார் திரும்ப இடம் வேண்டும் என்று அதில் பாதியை வெட்டிவிடச் சொல்லி என்னிடமே கேட்டிருக்கிறார் ஒரு பில்டர்.

அடுத்து, மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். தல்லாகுளம், பீபிகுளம், உலகனேரி என்று நம் ஊர்ப் பெயரிலேயே தண்ணீர் நிற்கிறது. கண்மாய்ப் பக்கத்து மண் எங்கே எப்படி இருக்கும் என்று மேலே நின்று சொல்ல முடியாது, துளை போட்டுத்தான் பார்க்க வேண்டும். திருமங்கலம் பக்கம் போனால் கரிசல். மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும்.

டிசைனை வேறொரு பொறியாளர் சரிபார்த்தாரா என்றும் கேளுங்கள். 2014-ல் சென்னைப் பக்கம் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்துப்போனார்கள். அன்றைக்கு நிலநடுக்கமும் இல்லை, புயலும் இல்லை.

இன்னொன்று. மிவான் முறையில், அதாவது செங்கல் வைக்காமல் அலுமினிய அச்சுக்குள் சுவரையும் தளத்தையும் கான்கிரீட்டாகவே வார்த்துக் கட்டியிருந்தால், உங்கள் படுக்கையறைச் சுவரும் கான்கிரீட்தான், மேல் மாடிகளைச் சுமப்பதும் அதுதான். பின்னால் உடைத்து ஹாலைப் பெரிதாக்கலாம் என்று நினைத்திருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வீட்டம்மாவிடம் சொல்லிவிடுங்கள், அது நடக்காது.