விருந்துக்கு விலை குறைந்த சிவப்பு, வெள்ளை ஒயின்: எதை வாங்கலாம்?

விடுமுறை விருந்துக்குப் பத்துப் பேர் வருகிறார்கள், கையைக் கடிக்காத விலையில் சிவப்பும் வெள்ளையும் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பேர்போன ஊர்களை விட்டு விலகுங்கள். பிரான்சின் பர்கண்டி, அமெரிக்காவின் நாபா என்றாலே பெயருக்கே நிறையக் காசு போய்விடும்.

சிவப்பில் என் தேர்வு கர்னாச்சா என்ற திராட்சையின் ஒயின். ஸ்பெயினின் அரகோன் பகுதியில், குறிப்பாகக் கலாதாயூத்தில், வயதான கொடிகளின் ஒயின்கூட மலிவாகக் கிடைக்கிறது. பழச்சுவை தூக்கலாக இருக்கும், துவர்ப்பு உறுத்தாது. அதனால் பல பதார்த்தங்கள் உள்ள மேஜையில் எதனோடும் ஒத்துப்போகும். ஆல்கஹால் மட்டும் 14, 15 சதவீதம் வரை போகலாம், லேபிளைப் பார்த்து வாங்குங்கள். இன்னும் லேசாக வேண்டுமென்றால் பிரான்சின் பொஜொலே.

வெள்ளைக்கு போர்ச்சுகலின் வின்யோ வெர்தே, பிரான்சின் மஸ்கதே. ஒயினைப் புது ஓக் மரப் பீப்பாயில் வைத்துப் பக்குவப்படுத்தும் செலவு பெரும்பாலும் இவற்றில் இல்லை. விலை குறைய அதுவும் ஒரு காரணம். வின்யோ வெர்தே இளசாக இருக்கும்போதுதான் ருசி, லேபிளில் பழைய ஆண்டு போட்ட பாட்டிலை எடுக்காதீர்கள். சாப்பாட்டில் காரம் இருந்தால் லேசாக இனிக்கும் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் நல்லது. ஆல்கஹால் கூடிய ஒயின் காரத்தின் எரிச்சலை ஏற்றிவிடும்.

750 மி.லி. பாட்டிலில் ஐந்து கிளாஸ் வரும். ஆளுக்கு இரண்டு என்றால் நான்கு பாட்டில், கூட ஒன்று.

ஒன்றை மறக்காதீர்கள்: சிவப்பையும் பரிமாறுமுன் இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் ஆல்கஹால் நெடிதான் முன்னால் வரும்.