கேள்வி-பதில்: லெஃப்ட் ஜாயின் போட்டும் பெயர்கள் காணோமே?

கேள்வி: எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு மாணவர், கட்டணம் என எஸ்க்யூஎல் (SQL) தரவுத்தளத்தில் இரண்டு டேபிள் வைத்திருக்கிறோம். 2024-இல் கட்டணம் கட்டாதவர்களும் பட்டியலில் வரவேண்டும் என்று லெஃப்ட் ஜாயின் (LEFT JOIN: முதல் டேபிளின் எல்லா வரிசைகளையும் வைத்துக்கொண்டு இரண்டாவதை இணைப்பது) போட்டு, 'வேர் கட்டணம்.ஆண்டு = 2024' என்றும் எழுதினேன். கட்டியவர்கள் மட்டுமே வருகிறார்கள். ஏன்?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: ஜாயின் சரிதான், கோளாறு வேர் (WHERE, வரிசைகளை வடிகட்டும்) வரியில். எந்த ஆண்டும் கட்டாத மாணவருக்கு எதிரே ஆண்டு நல் (NULL, மதிப்பே இல்லை) ஆகத்தான் இருக்கும்; வேறு ஆண்டு மட்டும் கட்டியவருக்கு அந்த ஆண்டு இருக்கும். 'வேர் கட்டணம்.ஆண்டு = 2024' என்றதும் அந்த வரிசைகள் கழன்றுவிடும்; வேறு ஆண்டு 2024 ஆகாது, நல் எதற்கும் சமமாகாது. நிபந்தனையை ஆன் (ON, எதை வைத்து இணைப்பது என்று சொல்லும்) பகுதிக்கு மாற்றுங்கள்:

ஆன் மாணவர்.எண் = கட்டணம்.மாணவர்_எண் அண்ட் கட்டணம்.ஆண்டு = 2024

கட்டாதவர்கள் மட்டும் வேண்டுமா? இதன் கீழே 'வேர் கட்டணம்.மாணவர்_எண் இஸ் நல்' சேர்த்தால் போதும்.

தயவுசெய்து பெயரை வைத்து இணைக்காதீர்கள். உங்கள் ஊரில் கோவெண்டர், பிள்ளை, நாயுடு என்று ஒரே வகுப்பில் பலர் இருப்பார்கள். ஒருவர் கட்டிய ரேண்ட் இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும்.

தவணையாகக் கட்டுபவர் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்று தவணை, மூன்று வரிசை. அதோடு வருகைப் பதிவு டேபிளையும் இணைத்தால், 10 நாள் வந்தவருக்கு 30 வரிசை வரும், தொகை பத்து மடங்காகும். கட்டணத்தை முதலில் குரூப் பை (GROUP BY, ஒரே மாணவரின் வரிசைகளைத் தொகுப்பது) போட்டுக் கூட்டி மாணவருக்கு ஒரு வரிசையாகச் சுருக்கி, வருகையையும் அப்படியே எண்ணிச் சுருக்கி, பிறகு இணையுங்கள்.