தம்பி, மழை வந்தால் எங்கே வைப்பது என்று கேட்டாயே

தம்பி,

உன் செய்தி நேற்று ராத்திரி வந்தது. திருமங்கலத்துப் பையன், வேலையும் விடுமுறையும் சேர்ந்த 462 விசா குலுக்கலில் பெயர் விழுந்திருக்கிறது, ஆஸ்திரேலியாவில் மில்டுராப் பக்கம் திராட்சைத் தோட்டத்து வேலை. வாடகையை மிச்சம் பிடிக்க நண்பனோடு சேர்ந்து பழைய கேரவன் வண்டி ஒன்று வாங்கி அதிலேயே தங்கப் போகிறாய். ‘சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் ஒண்ணு போதுமாண்ணே, எத்தனை வாட் வாங்கலாம், ஏசி ஓடுமா, மழை வந்தா எங்க வைக்கிறது?’ கூடவே வரி, லைசென்ஸ், சாப்பாடு, மிக்சி என்று ஒரு பட்டியல்.

நான் இப்போது லீவில் மதுரை செல்லூர் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்துத் தெருவில் காதுகுத்து. கரண்ட் போய் அரை மணி நேரமாகிறது, பந்தல் ஓரத்து ஜெனரேட்டர் தடதடவென்று ஓடுகிறது. அந்தச் சத்தத்தோடு உன் கேள்வியைப் படித்தபோது கடைசி வரிதான் முள்ளாகக் குத்தியது. மழை வந்தால் எங்கே வைப்பது. 2009-ல் நானும் அதையேதான் யோசித்தேன். அந்த யோசனையில் மூன்று பேர் போயிருப்போம்.

என் அப்பா ஒலி ஒளி அமைப்பு வைத்திருந்தவர். சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும் வழியில் மண்டகப்படிகளுக்கு சீரியல் செட் கட்டுவார், சுற்றுப்பட்டி ஊர்க் கொடைகளுக்கு டியூப் லைட்டும் குழாய் ஸ்பீக்கரும் ஏற்றிக்கொண்டு போவார். பத்து வயதிலிருந்தே ஜெனரேட்டருக்குக் கயிறு இழுத்தவன் நான். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிற சின்ன மெஷினிலிருந்து வண்டியில் வரும் பெரிய டீசல் செட் வரை எல்லாம் கைப்பழக்கம். அதனால் வெளிநாட்டில் யாரும் எனக்கு ஜெனரேட்டரைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று இருந்தேன்.

மெல்பர்னில் அப்போது மாணவன். செமஸ்டர் லீவில்தான் மணிக்கணக்குக் கட்டுப்பாடு இல்லாமல் வேலை பார்க்கலாம். ஜூலை மாதம், அங்கே கடுங்குளிர். திராட்சைக் கொடி கவாத்து செய்கிற காலம். கம்பம் பன்னீர்த் திராட்சை மாதிரி வருஷத்தில் பல தடவை அறுவடை அங்கே கிடையாது. குளிரில் வெட்டி, கோடை முடிகிறபோது ஒரே அறுப்பு. நாங்கள் மூன்று பேர், தோட்டத்து மூலையில் கரண்ட் இல்லாத இடத்தில் ஒரு பழைய கேரவன். மதுரைக்காரனுக்கு நாலு டிகிரி குளிர் என்றால் என்ன என்று உனக்குப் போன பிறகுதான் தெரியும். பழைய விலைக்கு, எஞ்சினுக்கு மூடி இல்லாத திறந்த சட்ட ஜெனரேட்டர் ஒன்று வாங்கி, ஆயிரம் வாட் ஹீட்டரை அதில் ஓட்டினோம்.

முதல் இரண்டு நாள் வெளியே புல்லில்தான் வைத்தோம். மூன்றாம் நாள் மழை. அதோடு ‘சத்தம் தாங்கலை’ என்று தோட்டக்காரர் முகம் சுளித்திருந்தார். கேரவனோடு ஒட்டி ஒரு கேன்வாஸ் சாய்ப்பு உண்டு, அங்கே அனெக்ஸ் என்பார்கள், நம்மூர் வீட்டு முன்சாய்ப்பு மாதிரி, ஆனால் மூன்று பக்கமும் ஜிப் போட்டு மூடலாம். அதற்குள் வைத்துவிட்டேன். சத்தம் குறைந்தது, நனையவில்லை. எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

எட்டு மணிக்கு ஒருவனுக்குத் தலைவலி. கொஞ்ச நேரத்தில் எனக்கும். அது பன்றிக் காய்ச்சல் வருஷம், விக்டோரியா மாநிலம் முழுக்க அதே பேச்சு. ‘தொத்திடுச்சுடா’ என்று ஆளுக்கொரு பாரசிட்டமால் போட்டுக் கதவை இன்னும் இறுக்கிச் சாத்திப் படுத்தோம். மூன்றாமவன் வாந்தி எடுத்தான். எழுந்து பிடிக்கலாம் என்றால் எனக்குக் கால் வரவில்லை. அதைப் பற்றிக் கவலையும் வரவில்லை, அதுதான் இன்றைக்கும் நினைத்தால் குலை நடுங்குகிறது. தூக்கம் அவ்வளவு இதமாக இருந்தது.

அடுத்த கொட்டகையில் தங்கியிருந்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் உப்பு கேட்டு வந்தார். கதவைத் திறந்தவர் ஒவ்வொருவரையும் கமக்கட்டில் பிடித்துச் சேற்றில் இழுத்துப் போட்டார். ‘மெசினை வாசலுக்க வச்சிட்டு படுத்திருக்கிறியள், உங்களுக்கென்ன விசரே?’ என்று அவர் கத்தியது மட்டும் ஞாபகம். யுத்த காலத்தில் வருஷக்கணக்கில் கரண்டே இல்லாமல் ஜாம்போத்தல் விளக்கில் இருந்தவர் அவர். ஜெனரேட்டரை நம்மைவிட மரியாதையாக நடத்தத் தெரிந்தவர். தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் ‘அவங்க வேற, நாம வேற’ என்று பேசுகிற நம்மூர்ப் பெரியமனிதர்களைக் கண்டால் எனக்கு அந்தச் சேறு ஞாபகம் வரும்.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன், இதை மட்டும் இரண்டு தடவை படி. பெட்ரோல் எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, வாடையில்லை, கண் எரியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டுகிற இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கையில் தூக்குகிற ஜெனரேட்டர் ஒன்று நூற்றுக்கணக்கான கார்கள் விடுகிற அளவுக்கு இந்த வாயுவை விடும் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமே எச்சரிக்கிறது. என் மூக்கு பழகியதெல்லாம் டீசல் வாடைக்கு. வாடை வந்தால் நகர வேண்டும், வராவிட்டால் பயமில்லை என்பது செல்லூரில் நான் கற்றது. டீசலில் இந்த வாயு குறைவு, வாடை ஜாஸ்தி. பெட்ரோலில் நேர்மாறு.

இன்னொன்று, நம்மூரில் ஜெனரேட்டர் தெருவில் நிற்கும், பந்தல் நாலு பக்கமும் திறந்து கிடக்கும், வீட்டில் ஜன்னல் சாத்துகிற பழக்கமே இல்லை. கேரவன் அப்படியல்ல, அது ஒரு பெட்டி. கேஸ் கசிந்தால் வெளியேற அதன் தரையிலேயே காற்றோட்டத் துவாரம் விட்டிருப்பார்கள், அடைக்கக் கூடாது. அதே துவாரம் வழியாகத்தான் வண்டிக்கு அடியில் தேங்குகிற புகையும் உள்ளே வரும். ‘ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வச்சாப் போதும்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு கூட்டம் சொல்லும். நம்பாதே. அவர்களில் பாதிப்பேர் கேரவனில் ஒரு ராத்திரி படுத்தவர்கள் இல்லை. கடற்கரையில் வேன் முன்னால் நின்று படம் எடுத்தவர்கள்.

ஆகவே, குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி வை. புகைக்குழாய் வண்டிக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும், காற்று வண்டியிலிருந்து ஜெனரேட்டரை நோக்கி வீச வேண்டும். காற்று ராத்திரியில் திரும்பும், அதனால் தூங்கும்போது ஓட்டவே ஓட்டாதே. உன் புகை பக்கத்து வண்டிக்காரன் ஜன்னலுக்கும் போகக் கூடாது. மழை வந்தால் எங்கே வைப்பது என்றாயே, மழை வந்தால் அணைத்துவிடு. அதுதான் பதில். நாலு பக்கமும் திறந்த, அதற்கென்றே செய்த கூரை இருந்தால் அதே தூரத்தில் ஓட்டலாம். சாய்ப்புக்குள், வண்டிக்கு அடியில், டிக்கியில், கதவு திறந்த ஷெட்டில் கூடாது.

ஜெனரேட்டருக்கு முன்னால் கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கு. கேரவன், படகுக்கென்று தனித் தரம் இருக்கிறது, ஈஎன் 50291-2 என்று அட்டையில் போட்டிருக்கும். அலாரம் அடித்தாலோ, வண்டியில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தாலோ, காரணம் தேடாதே, வெளியே வா, அங்கத்து அவசர எண் 000-க்கு அடி. கொரோனாவுக்குப் பிறகு எல்லோர் பையிலும் விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் மீட்டர் இருக்கிறது, அது இந்த விஷயத்தில் பொய் சொல்லும். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஒட்டியதாகவே எண்ணி 98 என்று காட்டும். ஆஸ்பத்திரியில் எங்களுக்கு மாஸ்க் மாட்டி ஆக்சிஜன் கொடுத்தார்கள். சாதாரணக் காற்றில் அந்த வாயு பாதி இறங்கவே நாலைந்து மணி நேரமாகும், முழு ஆக்சிஜனில் ஒன்று, ஒன்றரை மணி நேரம்.

அப்பாவிடம் இதைச் சொல்ல எனக்கு மூன்று வருஷம் பிடித்தது. 2012-ல் தமிழ்நாடே இருட்டில் கிடந்ததே, மதுரையில் பாதி நாளுக்கு மேல் கரண்ட் இல்லாத சமயம். டவுன்ஹால் ரோட்டில் கடைக்குக் கடை ஜெனரேட்டர் நின்றது. போனில் அம்மாவின் குரலுக்குப் பின்னால் அந்தச் சத்தம். ‘உள்ள வைக்காதீங்கப்பா’ என்று சொல்லப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. ‘கரண்டு கொல்லும்னு உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். புகையப் பத்திச் சொல்லலையேடா’ என்றார். அதற்குப் பிறகு மண்டகப்படிகளில் அவர் செட் பந்தலை விட்டு ஒரு கூப்பிடு தூரத்தில்தான் நின்றதாம். கேபிள் செலவு ஜாஸ்தி என்று பார்ட்னர் புலம்பினாராம்.

சரி, வாட் கணக்கு. இரண்டாயிரம் வாட் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் எடு, மூடிய பெட்டிக்குள் சத்தம் குறைவாக ஓடும், திறந்த சட்ட வகை வேண்டாம், அதன் சத்தத்துக்கு யாரும் உன்னை இடத்தில் விடமாட்டார்கள். உதாரணத்துக்கு ஹோண்டாவின் EU22i மாடலை எடுத்துக்கொள். பெயரில் உள்ள 22 என்றால் 2200 வாட், ஆனால் அது உச்சம். தொடர்ந்து தருவது 1800 வாட்தான். டேங்க் 3.6 லிட்டர். கால்வாசிச் சுமையில் எட்டு மணி நேரம் ஓடும், முழுச் சுமையில் மூன்று மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும். அங்கே கடையில் கிடைக்கிற தண்ணீர்க் கெட்டில் 2200, 2400 வாட். டீ போடப் போனால் ஜெனரேட்டர் மூச்சடைத்து நின்றுவிடும். கூரை ஏசி ஓட ஆரம்பித்தால் ஆயிரம் வாட்டில் நிற்கலாம், ஆனால் கம்ப்ரஸர் கிளம்புகிற அந்த ஒரு நொடிக்கு அதைப் போல் பல மடங்கு கேட்கும். அந்த முதல் இழுப்பைக் குறைக்கிற சாஃப்ட் ஸ்டார்ட்டர் மாட்டினால்தான் தாங்கும்.

பழைய பெட்ரோலை விட்டு வைக்காதே, சூடாக ஓடும்போது ஊற்றாதே, புது மெஷினுக்கு முதல் 20 மணி நேரத்தில் ஆயில் மாற்று, சங்கிலி போட்டுக் கட்டு. தூரத்தில் வைப்பதால் கேபிள் தடிமனாக வேண்டும், சுருளை முழுக்கப் பிரித்துப் போடு, சுற்றிவைத்தபடி ஓட்டினால் சூடாகி உருகும். கேரவன் பிளக் 15 ஆம்ப்ஸ், அதன் எர்த் பின் பெரிதாக இருக்கும், சாதாரண 10 ஆம்ப்ஸ் சாக்கெட்டில் நுழையாது. அந்தப் பின்னை அரத்தால் ராவி நுழைக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், அதில் நம்ம பொறியாளர்களும் உண்டு, சொல்லவே கூச்சம். 2012-ல் செல்லூரில் இரண்டு முனையிலும் ஆண் பிளக் வைத்த வயரைச் செருகி வீட்டுக்குக் கரண்ட் ஏற்றினார்களே, அந்த வித்தையை விமானத்தில் ஏறும்போதே மறந்துவிடு.

உண்மையைக் கேட்டால், முதல் ஆறு மாசம் உனக்கு ஜெனரேட்டரே வேண்டாம். கேரவன் பார்க்கில் கரண்ட் உள்ள இடமாகப் பார்த்து எடு. அந்த வாடகையை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் நான் சேற்றில் கிடந்தேன். பிறகு சூரியத் தகடும் பேட்டரியும் போடு. 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் நிற்கும். விளக்கு, போன், சின்ன ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாம் அதில் முடிந்துவிடும். மேகமூட்டம் இரண்டு மூன்று நாள் நீடித்தால் மட்டும் பகலில் இரண்டு மணி நேரம் ஜெனரேட்டரை ஓட்டி, 230 வோல்ட் சார்ஜர் வழியாக பேட்டரியை ஏற்று. ஜெனரேட்டரில் 12 வோல்ட் துளை ஒன்று இருக்கும், அதில் ஏற்றினால் விடிந்துவிடும்.

இன்றைக்கு என்னிடம் சொந்த கேரவன் இருக்கிறது. கூரையில் இரண்டு தகடு. ஜெனரேட்டர் வருஷத்தில் நாலைந்து நாள்தான் வெளியே வரும், அதுவும் பிள்ளைகளை எட்டு எட்டு வைத்து அளக்கச் சொல்லித்தான் இறக்குவேன். பல தேசியப் பூங்காக்களில் ஜெனரேட்டருக்குத் தடை, போகுமுன் கேட்டுக்கொள். மர்ரே ஆற்றங்கரையில் நிறுத்தி இட்லி ஊற்றியிருக்கிறேன். ஆறு என்றால் வைகை மாதிரி மணல் அல்ல தம்பி, தண்ணீர் ஓடும். 1887-ல் சேஃபி சகோதரர்கள் அந்தத் தண்ணீரை இறைத்துத்தான் மில்டுராக் காட்டைத் திராட்சையாக்கினார்கள். நமக்குப் பெரியாற்றுத் தண்ணீர் வந்தது 1895. முதல் தடவை அந்தக் கால்வாயைப் பார்த்தபோது மேலூர்ப் பக்கம் வந்துவிட்டேனோ என்றுதான் இருந்தது.

வரி, லைசென்ஸ் எல்லாம் அரசாங்க இணையதளத்தில் தெளிவாக இருக்கிறது, என்னைக் கேட்காதே. சாப்பாட்டுக்குச் சாகமாட்டாய். உப்பு கேட்டு யாராவது வந்தால் கதவைத் திற.

மிக்சியைக் கொண்டு போ, அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், பிளக் மட்டும் மாற்ற வேண்டும். 750 வாட் என்றால் அந்த ஜெனரேட்டர் தாங்கும். ஜாரைக் கைலிக்குள் சுற்றி வை, என்னுடையது சிங்கப்பூரிலேயே உடைந்துவிட்டது.