மகள் முல்லைத்தீவுக்கு ஆய்வுக்குப் போகிறேன் என்கிறாள், அனுப்பலாமா?

பெரம்பூரிலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம். மானிடவியலில் பிஎச்.டி. சேர்ந்திருக்கும் உங்கள் மகள் இலங்கையின் வடக்கே இருக்கும் முல்லைத்தீவில் ஒரு வருஷம் தங்கி, போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரிடம் பேசப் போகிறாள், குண்டு விழுந்த ஊருக்கு எப்படி அனுப்புவது என்று கேட்டிருந்தீர்கள்.

போர் 2009 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை வைத்த இடங்களுக்குள் கால் வைக்கக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் உங்களிடம் எதையும் மறைக்க மாட்டேன். 1990ல் குவாத்தமாலாவில், இடம்பெயர்ந்த மக்களைப் பற்றி ஆய்வு செய்த மிர்னா மாக் என்ற மானிடவியலாளரை ராணுவத்தைச் சேர்ந்தவரே குத்திக் கொன்றார். அங்கே அப்போது போர் நடந்துகொண்டிருந்தது, மிர்னா அந்த நாட்டுக்காரர். இது போன்ற ஆய்வில் ஆபத்து அதிகமும் உள்ளூர்க்காரர்களுக்குத்தான். உங்கள் மகள் ஒரு வருஷத்தில் வீடு திரும்பிவிடுவாள், அவளிடம் மனம்விட்டுப் பேசிய அம்மா அங்கேயேதான் இருப்பார், "அந்த இந்தியப் பிள்ளையிட்ட என்ன கதைச்சனீங்க" என்று யாராவது வந்து விசாரித்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அதனால்தான் இந்த மாதிரி இடங்களில் கையெழுத்து வாங்காமல் வாய்மொழியாகவே சம்மதம் கேட்பார்கள், நோட்டில் உண்மைப் பெயரை எழுத மாட்டார்கள். இதெல்லாம் கிளம்பும் முன்பே அவளுக்குக் கைப்பழக்கமாகிவிட வேண்டும்.

நமக்கும் தமிழ்தானே என்று அவள் நினைத்துக்கொண்டு போனால் அங்கேதான் இடறும். நாம் சாதாரணமாகக் காணாமல் போனவர்கள் என்போம். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டத்துக்கு உட்கார்ந்த தாய்மார் காணாமல் ஆக்கப்பட்டவர்கள் என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் அவர்களில் பலர் பிள்ளையைத் தங்கள் கையாலேயே ராணுவத்திடம் ஒப்படைத்தவர்கள். அந்த ஒரு சொல் தவறினால் எதிரே இருப்பவரின் முகமே மாறிவிடும். அப்புறம், நீ எழுதினால் என் மகன் கிடைப்பானா என்று ஒருவர் கேட்பார். கிடைப்பான் என்று அவள் சொல்லவே கூடாது. அந்தக் கேள்வியோடு அறைக்கு வந்து தூங்காமல் கிடக்கும் இரவுகள் நிச்சயம் வரும், நீங்கள் பயந்துவிடுவீர்கள் என்று உங்களிடம் சொல்லவும் மாட்டாள், அதனால் ஒரு மனநல ஆலோசகரை இங்கேயே இப்போதே பார்த்துப் பேசி வைப்பது நல்லது.

என் யோசனை, முதல் ஆறு மாதம் இலங்கைத் தமிழ் அகதிகள் வாழும் கும்மிடிப்பூண்டி மறுவாழ்வு முகாமில் அரசு அனுமதியோடு வேலை செய்யட்டும். ஈழத்தமிழ் காதுக்குப் பழகும், கேட்காமல் விட வேண்டிய கேள்வி எது என்றும் புரியும். இலங்கைக்குச் சுற்றுலா விசாவில் போய்ப் பேட்டி எடுப்பது கூடவே கூடாது. ஆய்வுக்கான விசாவும், அங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் ஆதரவும் கையில் இருக்க வேண்டும்.

வேலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், பிறகு கல்லூரி, இந்திய மானிடவியல் ஆய்வகம், அகதிகளுக்காக வேலை செய்யும் அமைப்புகள் என்று வழி உண்டு. இடங்கள் குறைவு, காத்திருக்க வேண்டியிருக்கும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியரை நேரில் பாருங்கள். வாரம் ஒருமுறை இவள் யாருக்குப் போன் செய்வாள், அந்த நாள் தாண்டி இரண்டு நாளாகியும் பேச்சே இல்லையென்றால் தேடிக்கொண்டு போகப்போவது யார் என்று கேளுங்கள். பெயரும் நம்பருமாகப் பதில் வந்தால் அனுப்பி வையுங்கள். பார்த்துக்கொள்ளலாம் அம்மா என்று வந்தால் இந்த வருஷம் வேண்டாம்.