தண்ணியில போன பாட்டு, நூலகத்துல இருந்த தாள்

கேள்வி: எங்க சபையில முன்னாடி கொயர் மாஸ்டரா இருந்தவரு எழுதின பாட்டு நோட்டு கிடைச்சிருக்கு, எல்லாம் சோல்ஃபால (d, r, m எழுத்துல ஸ்வரம் எழுதுற முறை), ட்யூன் யாருக்கும் ஞாபகம் இல்ல. எங்ககிட்ட ட்ரம்பெட், சாக்ஸ், கீபோர்டு இருக்கு. ஜாஸ் ஸ்டைல்ல வாசிச்சா அவரை அவமதிச்ச மாதிரி ஆயிருமா?
- ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: ஆகவே ஆகாது தம்பி, தயவுசெஞ்சு வாசிங்க.

நியூயார்க்ல ஹெர்பி நிக்கோல்ஸ்னு ஒரு ஜாஸ் பியானோக்காரர் இருந்தாரு, 1919ல பிறந்தவரு. ட்ரம்ஸ் பதில் சொல்றதுக்குன்னே ட்யூனுக்கு நடுவுல இடம் விட்டு எழுதுவாரு, அவ்வளவு அழகு, ஆனா அதை வாசிக்க மேடை கிடைக்காம பிழைப்புக்கு டிக்சிலேண்ட்ங்கிற பழைய பாணி ஜாஸ் பேண்டுகள்ல வாசிச்சாரு. புளூ நோட் ரெக்கார்டு கம்பெனி 1955, 56ல அவரு பாட்டுகள ரெக்கார்ட் பண்ணுச்சு, அதுவும் பியானோ, பேஸ், ட்ரம்ஸ் மட்டும், ட்ரம்பெட் சாக்ஸோட பண்ணணும்ங்கிற ஆசை கடைசி வரைக்கும் நடக்கல. 1963ல ரத்தப் புற்றுநோய்ல போயிட்டாரு, வயசு 44தான். எழுதி வச்சதுல நிறைய அவங்க அப்பா வீட்டுல தண்ணி புகுந்து நாசமாயிருச்சு.

1990கள்ல பேஸ் வாசிக்கிற பென் அலிசனும் பியானோ வாசிக்கிற ஃப்ராங்க் கிம்ப்ரோவும் 'ஹெர்பி நிக்கோல்ஸ் ப்ராஜெக்ட்'னு குழு சேர்த்தாங்க. காப்பிரைட்டுக்காக அவரு அனுப்பி வச்ச தாள்கள் அமெரிக்க அரசு நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல இருந்துச்சு, அதுல ரெக்கார்டே ஆகாத பாட்டுகளும் இருந்துச்சு. அதையெல்லாம் எடுத்து ட்ரம்பெட், சாக்ஸுக்கு பிரிச்சு எழுதி வாசிச்சாங்க, அவரு கேக்க ஆசைப்பட்ட சத்தம் அவரு போய் முப்பது வருஷத்துக்கு மேல ஆனப்புறம்தான் வந்துச்சு, இத நினைச்சா எனக்கு இப்பவும் மனசு கனக்கும்.

நீங்க முதல்ல நோட்டோட ஒவ்வொரு பக்கத்தையும் போன்ல போட்டோ எடுத்து நாலு பேர்கிட்ட குடுத்து வையுங்க, நம்ம ஊரு மழையில பழைய பேப்பர் தாங்காது. அப்புறம் சோல்ஃபா தெரிஞ்ச பெரியவங்கள உக்கார வச்சு நாலு குரல் பார்ட்டும் எழுதின மாதிரியே பாடச் சொல்லுங்க, சின்னக் கோடு வர்ற இடத்துல முந்தின ஸ்வரத்த இழுக்கணும், அத விட்டா தாளமே மாறிரும். அந்த மெட்டு உங்க காதுல ஏறினப்புறம் ஜாஸுக்கு போங்க, அவசரப்படாதீங்க.

கொயர் மாஸ்டர் குடும்பத்துகிட்ட அனுமதி கேளுங்க, நம்ம நாட்டு சட்டப்படி எழுதினவர் இறந்து 60 வருஷம் வரைக்கும் உரிமை வாரிசுகளுக்கு. நோட்டீஸ்ல அவரு பேர உங்க பேண்ட் பேருக்கு மேல போடுங்க. 'லேடி சிங்ஸ் த ப்ளூஸ்'ங்கிற பாட்டச் சொன்னா எல்லாருக்கும் வரி எழுதிப் பாடின பில்லி ஹாலிடேதான் ஞாபகம் வருது, மெட்டு போட்ட நிக்கோல்ஸ் பேரு எத்தனை பேருக்குத் தெரியும்?