தேக்காவை மாற்றுவது யார்? – கேள்வி பதில்

தேக்கா என்றால் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரம். இந்த வாரம் பதில் சொல்பவர், கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் பழைய கடைவீடுகளைப் புதுப்பிக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்த கட்டடக்கலைஞர். கேள்வி எதுவானாலும் கேட்கலாம் என்று அறிவித்தது நாங்கள்தான், அவர் அல்ல.

தோ பாயோ வாசகர்: எங்கள் புளோக் பழசு. செர்ஸ் வருமா சார்?

வராது என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். பழைய புளோக்கை அரசு எடுத்துக்கொண்டு இழப்பீடும் மாற்று வீடும் தரும் செர்ஸ், 1995-இல் தொடங்கிய திட்டம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் சுமார் 5 விழுக்காடுதான் அதற்குத் தகுதி பெறும் என்று 2018 தேசிய தினப் பேரணியில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னார். அதே உரையில்தான் வெர்ஸ் திட்டத்தையும் அறிவித்தார்: குத்தகை 70 ஆண்டுகளை எட்டும் வாக்கில் புளோக்கை அரசிடம் திருப்பிக் கொடுப்பதா என்று குடியிருப்பாளர்கள் வாக்களித்து முடிவு செய்வது. செர்ஸ் அளவுக்கு இழப்பீடு தாராளமாக இருக்காது என்பதையும் மறைக்கவில்லை. 'இந்த புளோக்குக்கு செர்ஸ் நிச்சயம்' என்று ஏஜெண்ட் சொன்னால் கோப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

ஈசூன் வாசகி: தேக்காவில் கெர்பாவ் ரோட்டில் வண்ண வண்ணமாக ஒரு வீடு இருக்கிறதே, அது எந்தத் தமிழர் கட்டியது?

தமிழர் கட்டியதில்லைம்மா. மிட்டாய்த் தொழில் செய்த டான் டெங் நியா என்ற சீனருக்காக 1900-இல் எழுந்த வீடு. அந்த வட்டாரத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே சீன மாளிகை. கூரையின் பச்சை ஓடுகளைக் கவனியுங்கள், மூங்கில் கணுபோல் இருக்கும். அதற்கு எடுப்பாக முன்பு சுவர் வெள்ளையாக இருந்தது. இப்போதுள்ள வானவில் வண்ணம் 1980-களில் புதுப்பித்த பிறகு வந்த அலங்காரம். இன்று 'இந்திய வண்ணங்கள்' என்று சொல்லி அதன் முன்னால் படம் எடுக்கிறார்கள். ஓர் இடத்துக்குப் புதிய அடையாளம் எப்படிப் பூசுகிறார்கள் என்று கேட்பவர்களை நான் முதலில் அழைத்துப்போகும் இடம் அதுதான்.

பொத்தோங் பாசிர் வாசகர்: லிட்டில் இந்தியா என்பதே வெள்ளைக்காரப் பயணிகளுக்காக ஒட்டிய லேபிள். எங்களுக்கு அது தேக்கா, சிராங்கூன் ரோடு. வாழ்ந்த இடத்தைக் காட்சிப் பொருளாக்கிவிட்டார்களே, இதற்கு யார் பொறுப்பு?

இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1983-இல் சிங்கப்பூருக்கு வரும் பயணிகளின் எண்ணிக்கை சரிந்தது. ஏன் என்று ஆராய அரசு அமைத்த பணிக்குழு மறு ஆண்டு அறிக்கை தந்தது. பழைய கட்டடங்களை இடித்து இடித்து, ஊரின் கிழக்கத்திய முகத்தையே தொலைத்துவிட்டோம் என்பது அதில் வந்த குறைகளில் ஒன்று. 1986-இல் 100 கோடி வெள்ளிக்குச் சுற்றுலா மேம்பாட்டுத் திட்டம் வந்தது. அதே காலத்தில் நகர மறுசீரமைப்பு ஆணையம் பழைய கட்டடங்களுக்கான பாதுகாப்புத் திட்டத்தை வெளியிட்டது. 1989 ஜூலையில் சைனாடவுன், கம்போங் கிளாம், லிட்டில் இந்தியா ஆகியவை பாதுகாக்கப்பட்ட வட்டாரங்களாக அரசிதழில் வந்தன. ஆகவே பயணிகளுக்காக என்பது பாதி உண்மை. ஆனால் அந்தக் கணக்கு இல்லாமல் போயிருந்தால் தேக்காவின் டன்லப் ஸ்திரீட்டின் கதி என்ன? மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்த இடத்தை இன்று போய்ப் பாருங்கள். வானளாவிகள்.

லேபிள் எப்போதும் ஒட்டாது என்பதற்கும் தேக்காவிலேயே சாட்சி உண்டு. 1982-இல் புதிய சந்தைக் கட்டடத்துக்கு 'சூஜியாவ்' என்று மாண்டரின் உச்சரிப்பில் பெயர் வைத்தார்கள். கறிக்கும் மீனுக்கும் வந்தவர்கள் அதைச் சட்டையே செய்யவில்லை. 2000-இல் அதிகாரபூர்வமாகவே தேக்கா சென்டர் ஆனது.

சிராங்கூன் ரோட்டுக் கடைக்காரர்: மேலே கேட்ட தம்பிக்கு ஒன்று சொல்லுங்கள். விளக்கு அலங்காரமும் பயணிகளும் இல்லையென்றால் நாங்கள் எப்போதோ ஷட்டரை இழுத்திருப்போம்.

அண்ணே, உங்கள் கல்லாவை என்னைவிட நீங்கள்தான் அறிவீர்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை உங்கள் கடையில் நிற்பவர்களை எண்ணிப் பாருங்கள். கழுத்தில் கேமரா தொங்குபவர்கள் எத்தனை பேர், ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு ஐந்து கிலோ பொன்னி அரிசி தூக்குபவர்கள் எத்தனை பேர்?

பொத்தோங் பாசிர் வாசகர் (மீண்டும்): அதைத்தான் நானும் சொல்கிறேன்! அவர்களை யாராவது கேட்டார்களா?

இல்லை. இதில் உங்கள் பக்கம்தான் நான். நில உரிமையாளருக்குக் குரல் உண்டு, கடைக்காரர்களுக்கு லிஷா என்ற சங்கம் உண்டு, பயணத்துறைக் கழகத்துக்குப் பட்ஜெட் உண்டு. வார இறுதியில் அந்தத் தெருக்களை உண்மையில் நிறைக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஒன்றும் இல்லை. 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு அவர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தது. 2015-இல் லிட்டில் இந்தியா மதுக் கட்டுப்பாட்டு வட்டாரம் ஆனது. கட்டுப்பாடு என்றால் நினைவுக்கு வருபவர்கள், திட்டம் என்றால் வருவதில்லை. நான் போன கருத்துக் கேட்புகள் எதிலும் அவர்களில் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை.

ஆனால் கேட்டால் ஒன்றும் நடக்காது என்றும் சொல்லாதீர்கள். 1998-இல் சைனாடவுனை மெருகேற்ற 97.5 மில்லியன் வெள்ளித் திட்டம் அறிவித்தார்கள். இது நாடக செட் போல இருக்கிறது என்று மரபுடைமை ஆர்வலர்கள் குரல் கொடுத்தார்கள், பொதுமக்களும் சேர்ந்துகொண்டார்கள், திட்டத்தில் சில அம்சங்கள் மாறின. எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் பெருந்திட்டத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்கிறார்கள். வரைவு காட்சிக்கு வரும்போது எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். நம்மவர்கள் அந்த நாளைக் கோட்டைவிட்டு, பிறகு கோப்பிக்கடையில் புலம்புவார்கள்.

கடைக்காரர் (மீண்டும்): வாடகையைப் பற்றிப் பேசாமல் பெயரைப் பற்றியே பேசுகிறீர்களே?

நியாயம். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 2001-இல் நீக்கினார்கள். அதுவரை குறைந்த வாடகையில் இருந்த பூக்கட்டுபவர், மசாலா அரைப்பவர் எல்லாரும் சந்தை விலைக்கு வந்தார்கள். பாதுகாப்பு ஆணை கட்டடத்தின் நடுமுற்றத்தையும் மர ஜன்னலையும் கடை முன்னால் கூரையோடு இருக்கும் ஐந்தடிப் பாதையையும் காக்கும். உள்ளே இருக்கும் தொழிலை அது காப்பாற்றாது. ஒரு தெருவின் முகத்தை மாற்றுவது பெயர்ப்பலகை அல்ல, குத்தகை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் அந்த மாதம்தான். இதற்குத் தீர்வு கேட்டால், அரசுக்குச் சொந்தமான கடைவீடுகளை ஏலத்தில் அதிக விலை கேட்பவருக்குக் கொடுக்காமல் தொழிலைப் பார்த்துக் கொடுங்கள் என்பேன்.

புக்கிட் பாத்தோக் வாசகி: நானும் கணவரும் டன்லப் ஸ்திரீட்டில் சிறிய சாப்பாட்டுக்கடை போட நினைக்கிறோம். ஏதாவது கவனிக்க வேண்டுமா?

முன்பணம் கொடுக்கும் முன் அந்தக் கடைவீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட பயன்பாடு என்ன என்று பாருங்கள். 'கடை' என்று இருந்தால் சாப்பாட்டுக்கடைக்குத் தனி அனுமதி கேட்க வேண்டும், கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. வட்டாரத்தின் மையப் பகுதியில் சில தொழில்களுக்கு இடமே கிடையாது. வீட்டுக்காரர் 'அதெல்லாம் பார்த்துக்கலாம்' என்றால் பார்க்கப்போவது நீங்கள்தான். புகைபோக்கி எந்த வழியாக மேலே போகும் என்பதையும் கேளுங்கள். நடுமுற்றத்தை அடைக்க விடமாட்டார்கள்.

கிளமெண்டி வாசகர்: கட்டடத்தின் எல்லா வீடுகளையும் சேர்த்து விற்கும் கூட்டு விற்பனைக்கு எத்தனை பேர் சம்மதிக்க வேண்டும்?

தலையை எண்ணுவதில்லை, உரிமைப் பங்கும் பரப்பளவும்தான் கணக்கு. பத்து ஆண்டு தாண்டிய தனியார் கட்டடத்துக்கு 80 விழுக்காடு. அதற்குக் குறைந்த வயதென்றால் 90.

அங் மோ கியோ வாசகர்: எங்கள் புளோக்குக்கு செர்ஸ் வருமா?

முதல் கேள்வியைப் படியுங்கள்.

பிடோக் வாசகி: சார், செர்ஸ்…

முதல் கேள்வி.

ஈசூன் வாசகி (மீண்டும்): அந்த வண்ண வீட்டுக்குள் போய்ப் பார்க்க முடியுமா?

வெளியிலிருந்துதான் பார்க்க வேண்டியிருக்கும். காலையில் போங்கள், கூட்டம் குறைவு. கூரையைப் பார்க்க மறக்காதீர்கள், அங்கேதான் வண்ணக்காரர் கை வைக்கவில்லை.